நடுவில் இருந்த ஸ்டென்ட்

அரசு மருத்துவமனைகளில் 32 ஆண்டுகள் மருந்தாளுநராக இருந்து ஓய்வு பெற்றவர், வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் எழுதுகிறார். வைத்தியச் செலவை அரசு ஏற்க வேண்டுமா, சந்தையிடம் விட்டுவிட வேண்டுமா என்று கேட்டுச் சென்ற மாதம் நிறையக் கடிதங்கள். அவற்றிலிருந்து சில.

கேள்வி: பனியன் தொழில் செய்கிறேன். வரியை ஒழுங்காகக் கட்டுகிறேன். காய்ச்சல் வந்தால் என் காசில் தனியார் மருத்துவமனைக்குப் போகிறேன். நான் போகாத மருத்துவமனைக்கு நான் ஏன் பணம் கொடுக்க வேண்டும்? போட்டி வந்ததும் செல்போன் கட்டணம் எப்படிச் சரிந்தது! வைத்தியத்தையும் சந்தையிடம் விட்டால் விலை தானாக இறங்காதா?
(வாசகர், திருப்பூர்)

பதில்: பனியனைப் பொறுத்தவரை நீங்கள் சொல்வது சரி. வாங்க வருகிறவர் துணியைத் தடவிப் பார்ப்பார், இழுத்துப் பார்ப்பார், பிடிக்காவிட்டால் அடுத்த கடைக்கு நடையைக் கட்டுவார். அவர் அப்படி நடந்துவிடுவாரோ என்ற பயம்தான் உங்களை விலையைக் குறைக்க வைக்கிறது.

2014-ல் ஒரு நாள் அதிகாலை இரண்டரை மணிக்கு என் தங்கையின் கணவருக்கு நெஞ்சு வலி. பக்கத்தில் இருந்த தனியார் மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். நாலரை மணிவாக்கில், டை கட்டிய ஒரு பையன் பிளாஸ்டிக் உறை போட்ட ஓர் அட்டையோடு வந்தான். அட்டையில் மூன்று ஸ்டென்ட் படங்கள் (அடைத்த இதயக் குழாயைத் திறந்துவைக்கிற குட்டிக் கம்பிவலைக் குழாய்), கீழே மூன்று விலைகள். முதலாவது 60,000-க்குப் பக்கம், கடைசி ஒன்றரை லட்சத்துக்குப் பக்கம். "பத்து நிமிடத்தில் சொல்லிவிடுங்கள் ஐயா, டாக்டர் உள்ளே காத்திருக்கிறார்" என்றான். தங்கை என்னைப் பார்த்தாள். "அண்ணே, மருந்தோடேயே இருந்தவர் நீங்கள்தானே, நீங்களே சொல்லுங்கள்."

எனக்கு மாத்திரை தெரியும், ஸ்டென்ட் தெரியாது. மூன்றுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டேன். "இது நல்லது, இது இன்னும் நல்லது, இது ரொம்ப நல்லது" என்றான். நான் நடுவில் இருந்ததைக் காட்டினேன். புடவைக் கடையில் மூன்று புடவை எடுத்துப் போட்டால் மனுஷன் செய்கிற அதே காரியம். மலிவானதை எடுத்தால் தங்கை பின்னாளில் குத்திக் காட்டுவாளோ என்ற பயம் ஒரு பக்கம், கையில் இருந்த காசு ஒரு பக்கம். அடுத்த மருத்துவமனையில் என்ன விலை என்று விசாரித்துவிட்டு வருகிறேன் என்று கிளம்ப முடியுமா?

அன்றைக்கும் ஸ்டென்ட் விற்கிற நிறுவனங்களுக்குப் பஞ்சமில்லை. அவர்களுக்குள் போட்டி இருந்தது. ஆனால் போட்டியெல்லாம் அட்டையில் எந்த ஸ்டென்ட்டைப் போடுவது என்று தீர்மானிக்கிற மருத்துவமனையைப் பிடிப்பதில்தான். அதற்கு அச்சடித்த விலையைக் குறைத்துப் பயனில்லை. விலையை ஏற்றி அச்சடித்து, மருத்துவமனை வாங்குகிற விலைக்கும் நோயாளியிடம் விற்கிற விலைக்கும் உள்ள இடைவெளியை அகலமாக்கிக் கொடுத்தால்தான் சரக்கு நகரும். போட்டி கூடக் கூட விலையும் கூடுகிற விந்தை இப்படித்தான் நடந்தது. 2017 பிப்ரவரியில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் உச்சவரம்பு போட்டது. வெறும் உலோக ஸ்டென்ட்டுக்கு 7,260 ரூபாய், மருந்து பூசியதற்கு 29,600 ரூபாய், வரி தனி. நான் விரலை வைத்துக் காட்டியது என்ன விலை என்று அன்றைக்கு நினைத்துப் பார்த்தேன். தங்கையிடம் சொல்லவில்லை.

எதிர்த்தரப்பையும் சொல்லிவிட வேண்டும். வரம்பு வந்தபின் உயர்ரகம் என்று சொல்லப்பட்ட சில ஸ்டென்ட்டுகளைத் திரும்பப் பெற நிறுவனங்கள் அனுமதி கேட்டன. ஸ்டென்ட் விலை இறங்கிய அளவுக்கு மொத்த பில் இறங்கவில்லை என்று என்னிடமே பலர் குறைப்பட்டிருக்கிறார்கள். ஒரு பொருளுக்கு மட்டும் விலங்கு போட்டால், லாபம் வேறு வரிசையில் போய் உட்கார்ந்துகொள்ளும். விலைக் கட்டுப்பாடு சர்வரோக நிவாரணி என்று நான் சொல்லமாட்டேன்.

1963-லேயே கென்னத் ஆரோ என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் இதை எழுதிவிட்டார். நோய் எப்போது வரும் என்று தெரியாது, வந்தபின் எது தேவை என்பது விற்கிறவருக்குத்தான் தெரியும், வாங்குகிறவருக்குத் தெரியாது. ஆகவே மற்றச் சரக்குக்குப் பொருந்துகிற சந்தைக் கணக்கு இதற்கு அப்படியே பொருந்தாது என்றார். அவர் சந்தையின் எதிரி அல்லர். சந்தை எந்த நிலையில் ஒழுங்காக வேலை செய்யும் என்பதைக் கணிதத்தால் காட்டி நோபல் பரிசு வாங்கியவர்.

உங்கள் வரிப்பணத்துக்கு வருகிறேன். உங்களிடம் தைக்கிற பெண்ணும் வரி கட்டுகிறார். பிள்ளைக்கு பிஸ்கட் வாங்கும்போதெல்லாம் கட்டுகிறார், பில்லில் அவர் பெயர் இருக்காது, அவ்வளவுதான். அந்தப் பிள்ளைக்குத் தடுப்பூசி ஆரம்ப சுகாதார நிலையத்தில் போடப்பட்டதால்தான் உங்கள் பிள்ளையின் வகுப்பில் தட்டம்மை பரவவில்லை. நீங்கள் போகாத மருத்துவமனை உங்கள் வீட்டுக்கு வந்து போய்க்கொண்டுதான் இருக்கிறது.

கேள்வி: அரசு மருத்துவமனையில் கொடுக்கிற மாத்திரைக்குக் கம்பெனிப் பெயர்கூடக் கண்ணில் படுவதில்லை. தொட்டால் பொடிகிறது. சும்மா கொடுப்பதில் சத்து இருக்குமா?
(வாசகி, தென்காசி)

பதில்: அம்மா, பொடிகிற மாத்திரையை வாங்காதீர்கள், மாற்றித் தரச் சொல்லுங்கள். அது உங்கள் உரிமை. ஆனால் எல்லா மாத்திரையையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிடாதீர்கள்.

நான் வேலையில் சேர்ந்தது 1981-ல். அப்போதெல்லாம் மார்ச் மாதம் வந்தாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். நிதியாண்டு முடிவதற்குள் பணத்தைச் செலவழித்தாக வேண்டும் என்று, நாங்கள் கேட்காத மருந்து அட்டைப்பெட்டி அட்டைப்பெட்டியாக வந்து இறங்கும். ஒரு வருடம் வந்த இருமல் மருந்தை மூன்று வருடம் கொடுக்கலாம் போலிருந்தது. அதே வருடம் வலிப்பு மாத்திரை இல்லாமல் ஒரு பையனின் அப்பாவை வெளியே வாங்கச் சொல்லித் திருப்பி அனுப்பினேன். அவர் கையில் வைத்திருந்த துணிப்பை இன்னும் ஞாபகம் இருக்கிறது. வாங்கினாரா இல்லையா என்று தெரியாது.

1994-ல், அரசு மருத்துவமனைகளுக்கு மொத்தமாக மருந்து வாங்கித் தர, தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் தொடங்கப்பட்டது, 1995-ல் வேலையை ஆரம்பித்தது. முதல் முறை எனக்கு ஒரு பாஸ்புக் கொடுத்தார்கள். பேங்க் பாஸ்புக் போலத்தான். எங்கள் மருத்துவமனைக்கு இந்த வருடம் இவ்வளவு ரூபாய்க்கு மருந்து என்று வரவு வைத்திருக்கும். மாவட்டக் கிடங்கில் போய் எங்களுக்கு எது வேண்டுமோ அதை எடுக்கலாம். எடுத்த மருந்தின் மதிப்பைக் கழித்துக்கொள்வார்கள். மழைக்காலத்தில் பேதி மருந்து அதிகம் எடு, வெயில் காலத்தில் குறைத்துக்கொள். இவ்வளவு சாதாரணமான விஷயத்துக்கு நாங்கள் அத்தனை வருடம் காத்திருந்தோம்.

திருப்பூர்க்காரர் இதை முக்கியமாகப் படிக்க வேண்டும். அந்தக் கழகம் சந்தையை விரட்டவில்லை, அதை முழுசாகப் பயன்படுத்திக்கொண்டது. கம்பெனி வைத்த பெயரைச் சொல்லாமல், மருந்தின் மூலப்பெயரைச் சொல்லி டெண்டர் விடுவார்கள். முதல் உறையில் தொழிற்சாலையின் தகுதி, இரண்டாம் உறையில் விலை. முதலாவதில் தேறினால்தான் இரண்டாவதைப் பிரிப்பார்கள். மாநிலம் முழுவதற்கும் ஒரே ஆள் வாங்குகிறார் என்றால் விலை எப்படி விழும் என்று வியாபாரிக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. என் தங்கையிடம் இல்லாத பலம் அந்த ஒரு ஆளிடம் இருந்தது. அவருக்கு மருந்தும் தெரியும், வேண்டாம் என்று எழுந்து போகவும் தெரியும்.

தரத்தைச் சொல்கிறேன். வந்து இறங்கிய ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் மாதிரி எடுத்து, கம்பெனிப் பெயரை மறைத்து, ஒரு குறியீட்டு எண் மட்டும் போட்டு ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். யாருடைய மாத்திரை என்று சோதிக்கிறவருக்குத் தெரியாது. தேறிய பிறகுதான் கிடங்கிலிருந்து வெளியே வரும். பட்டையில் "தமிழ்நாடு அரசு, விற்பனைக்கு அல்ல" என்று அச்சிட்டிருப்பது திருட்டுத்தனமாகக் கடைக்குப் போகாமல் இருக்க. பளபளப்பு இல்லை என்பது உண்மை. பளபளப்புக்கு யாரும் காசு கொடுக்கவில்லை.

குறை உண்டா? உண்டு. கிடங்கிலேயே இருப்பு இல்லாத வாரங்கள் உண்டு. உள்ளூரில் வாங்கிக்கொள்ளக் கொஞ்சம் பணம் தனியாக இருக்கும், அது போதாது. அப்போது பத்து நாள் மருந்துக்குப் பதில் ஐந்து நாள் கொடுத்து மறுபடி வரச் சொல்வோம். மறுபடி வருவது என்றால் பஸ் டிக்கெட், ஒரு நாள் கூலி, கூட வருகிறவரின் கூலி. "இலவசம்" என்று நாங்கள் பதிவேட்டில் எழுதிய மாத்திரைக்கு அந்த மக்கள் எவ்வளவு கொடுத்தார்கள் என்று எழுத ஒரு கட்டமும் கிடையாது.

கேள்வி: இலவசம் என்றால் மதிப்பு இருக்காது. ஆளுக்கு 10 ரூபாயாவது வாங்கினால் தேவையில்லாத கூட்டம் குறையுமே?
(வாசகர், கும்பகோணம்)

பதில்: குறையும். எந்தக் கூட்டம் குறையும் என்பதுதான் விஷயம். 1970-களில் அமெரிக்காவில் ராண்ட் என்ற ஆய்வு நிறுவனம் ஆயிரக்கணக்கானோரை வைத்து இதைச் சோதித்தது. சிலருக்கு வைத்தியம் முழு இலவசம், சிலர் செலவில் ஒரு பங்கைக் கொடுக்க வேண்டும். காசு கொடுக்க வேண்டியவர்கள் குறைவாகத்தான் டாக்டரிடம் போனார்கள். தேவையில்லாததோடு தேவையானதையும் சேர்த்துக் குறைத்துக்கொண்டார்கள். பெரும்பாலோரின் உடம்புக்கு அதனால் பெரிய கேடில்லை என்று வந்ததையும் மறைக்கக் கூடாது. ஆனால் ஏழைகளில் ரத்தக் கொதிப்பு இருந்தவர்களுக்கு இலவச வைத்தியம் கிடைத்தபோது கொதிப்பு நன்றாகக் கட்டுப்பட்டது.

ரத்தக் கொதிப்பு வலிக்காது ஐயா. வலிக்காத நோய்க்கு 10 ரூபாய் எடுத்துவைக்க, அன்றாடங் காய்ச்சிக்கு மனசு வராது. பக்கவாதம் வந்தபின் கொண்டுவருவார்கள்.

கேள்வி: முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தும், தனியார் மருத்துவமனையில் என் அம்மாவின் அறுவை சிகிச்சைக்குத் தனியாகப் பணம் கேட்டார்கள். அட்டையே ஏமாற்றா?
(வாசகர், கரூர்)

பதில்: அட்டை ஏமாற்று அல்ல. கேட்டவர்கள் செய்தது தவறு. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கிற குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை அந்தத் திட்டத்தில் உண்டு. பட்டியலில் உள்ள சிகிச்சைக்கு மொத்தமாக ஒரு தொகை என்று முன்பே பேசி முடித்திருக்கிறார்கள். அந்தத் தொகைக்கு ஒப்புக்கொண்டுதான் மருத்துவமனை திட்டத்தில் சேர்ந்திருக்கிறது. மேலே கேட்டால் ரசீது கேளுங்கள். ரசீது தரத் தயங்குவார்கள், அதிலேயே பாதிக் காரியம் முடியும். மருத்துவமனையில் திட்டத்துக்கென்று ஒரு மேசை இருக்கும், புகார் எண்ணும் எழுதி ஒட்டியிருக்கும். பேசிய தேதி, நேரம், பேசியவர் எல்லாவற்றையும் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

இதில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. 2009-ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் என்று ஆரம்பித்து, 2012-ல் பெயரும் உருவமும் மாறி வந்த இந்தத் திட்டத்தால் எத்தனையோ பேர் இதய அறுவை சிகிச்சை செய்துகொண்டு நடமாடுகிறார்கள். கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆனால் இது முக்கியமாகப் படுக்கையில் சேர்ந்தபின் கிடைக்கிற உதவி. ஏழைக் குடும்பத்தின் சுருக்குப் பையை ஓட்டை போடுவது பெரும்பாலும் மாதாமாதம் வாங்குகிற சர்க்கரை மாத்திரை, ஸ்கேன், ரத்தப் பரிசோதனை. வீடு தேடிப் போய் மாத்திரை கொடுக்கிற மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் வந்தபோது, அடைக்க வேண்டிய ஓட்டையை ஒருவழியாகப் பார்த்துவிட்டார்கள் என்று நினைத்தேன்.

கேள்வி: எங்கள் நாட்டிலும் தர்மாஸ்பத்திரிதான், ஆனால் 2022-ல் டொலர் இல்லையென்று மருந்தும் இல்லாமல் போனது. துண்டை எழுதித் தந்து பாமசியில் வாங்கச் சொன்னார்கள். அரசை நம்பினால் இதுதானே முடிவு?
(வாசகி, யாழ்ப்பாணம்)

பதில்: சகோதரி, அந்த வருடம் உங்கள் நாட்டில் அறுவை சிகிச்சைகளைத் தள்ளிப்போட்ட செய்தியைப் படித்துவிட்டு அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. இருப்பு இல்லாத கவுன்ட்டரில் நிற்பது என்னவென்று எனக்குத் தெரியும். ஆனால் டொலர் இல்லாதபோது பாமசியும் அதே வெளிநாட்டிலிருந்துதானே வரவழைக்க வேண்டும்?

நான் தமிழ்நாட்டுக் கழகத்தைப் பற்றி மேலே எழுதியதற்கெல்லாம் முன்னோடி உங்கள் மண்ணில் இருந்தார். சேனக பிபிலே, மருந்தியல் பேராசிரியர். 1971-ல் அமைந்த அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவர். எத்தனையோ பெயர்களில் வந்துகொண்டிருந்த மருந்துகளைச் சில நூறாகச் சுருக்கி, மூலப்பெயரில், உலகச் சந்தையில் டெண்டர் விட்டு வாங்கினார். 1977-ல் காலமானார். உலக சுகாதார நிறுவனம் அத்தியாவசிய மருந்துகளின் முதல் பட்டியலை வெளியிட்டதும் அதே ஆண்டில்தான். எங்கள் பாஸ்புக் வருவதற்கு இருபது வருடங்களுக்கு முன் அவர் இதைச் செய்துவிட்டார். அரசு வாங்குவதில் ஒரு பலம் இருக்கிறது என்றேன், ஒரு பலவீனமும் கூடவே இருக்கிறது. வாங்குகிற ஒரே கை வெறுங்கையாகிவிட்டால் ஊர் முழுக்க ஒரே நாளில் காலி. உங்கள் கேள்விக்கு என்னிடம் இருக்கிற நேர்மையான பதில் அவ்வளவுதான்.

கேள்வி: அமெரிக்காவில் இருக்கிற என் மகன் ஊருக்கு வரும்போதெல்லாம் ஆறு மாத மாத்திரை வாங்கிப் போகிறான். சுதந்திரச் சந்தை நாட்டில் ஏன் இந்த விலை?
(வாசகர், தஞ்சாவூர்)

பதில்: அங்கே புது மருந்துக்கு இருப்பது சந்தை அல்ல, காப்புரிமை. காப்புரிமை என்பது இன்னொருவன் செய்யக் கூடாது என்று அரசாங்கமே போடுகிற பூட்டு. பூட்டைப் போட்டது அரசு, விலை வைப்பது மட்டும் சந்தை என்றால் எப்படி? இன்சுலினைக் கண்டுபிடித்தவர்கள் 1923-ல் உரிமையை ஆளுக்கு ஒரு டாலருக்கு டொரான்டோ பல்கலைக்கழகத்திடம் கொடுத்தார்கள். கிட்டத்தட்ட நூறு வருடம் கழித்து, 2022-ல், அமெரிக்க அரசின் முதியோர் காப்பீட்டில் இருப்பவர்களுக்கு மாதம் 35 டாலருக்கு மேல் வாங்கக் கூடாது என்று சட்டம் போட வேண்டியிருந்தது.

நம் நாட்டில் 1970-ன் காப்புரிமைச் சட்டம் மருந்துக்கு உரிமை தரவில்லை, செய்முறைக்கு மட்டும் தந்தது. அதனால்தான் இத்தனை மருந்துத் தொழிற்சாலைகள் முளைத்தன. 2005-ல் அது மாறி, மருந்துக்கும் உரிமை வந்தது. ரத்தப் புற்றுநோய்க்கான க்ளீவெக் மாத்திரைக்கு நோவார்டிஸ் கம்பெனி கேட்ட காப்புரிமையை முதலில் மறுத்தது நம் சென்னைக் காப்புரிமை அலுவலகம், 2006-ல். 2013-ல் உச்ச நீதிமன்றமும் மறுத்துவிட்டது. உங்கள் மகன் பெட்டியில் மாத்திரையை அடுக்கும்போது, கிண்டியில் இருக்கிற அந்த அலுவலகத்தைப் பற்றியும் சொல்லுங்கள்.

கேள்வி: தனியார் என்றாலே கொள்ளை என்கிற மாதிரி எழுதுகிறீர்கள்.
(வாசகர், தேனி)

பதில்: இல்லவே இல்லை. என் அம்மாவுக்குக் கண்புரை எடுத்தது மதுரை அரவிந்தில், இலவசப் பிரிவில், பாய் படுக்கையில். டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி ஓய்வு பெற்ற பிறகு 1976-ல் 11 படுக்கையோடு ஆரம்பித்தது அது. காசு கொடுக்கிறவர்களிடம் வாங்கி, கொடுக்க முடியாதவர்களுக்குச் செய்கிறார்கள். வெளிநாட்டு லென்ஸ் விலை கட்டுப்படியாகவில்லை என்று 1992-ல் அவர்களே ஆரோலேப் என்று ஒன்றைத் தொடங்கி லென்ஸ் செய்தார்கள், விலை தரைமட்டத்துக்கு வந்தது. அம்மாவுக்கு ஒரே குறை, பக்கத்துப் பாய்க்காரியின் குறட்டை. அரவிந்துக்கு முன்னால் அந்த டாக்டர் வேலை பார்த்தது எங்கே என்று கேளுங்கள். அரசு மருத்துவக் கல்லூரியில்.

கேள்வி: மற்றவர்களுக்கெல்லாம் சொல்கிறீர்கள். உங்களுக்கு உடம்புக்கு வந்தால் எங்கே போவீர்கள்?
(பெயர் வேண்டாம் என்று எழுதிய வாசகி, சிவகாசி)

பதில்: மாட்டிவிட்டீர்கள் அம்மா. 2018-ல் முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டது தனியாரில்தான். ஓய்வூதியர் காப்பீடு கொஞ்சம், மகன் கொஞ்சம். அரசு மருத்துவமனையில் செய்துகொள்ளலாம் என்று நான் சொன்னேன், வீட்டில் யாரும் கேட்கவில்லை, நானும் ரொம்ப வற்புறுத்தவில்லை. ஸ்டென்ட் மாதிரியே செயற்கை மூட்டுக்கும் 2017 ஆகஸ்டில் வரம்பு போட்டிருந்தார்கள். இந்த முறை அட்டையோடு வந்த பெண்ணிடம் அந்த ஆணையை அச்சடித்துக் காட்டினேன். அவர் சிரித்துவிட்டு உள்ளே போய் வேறு தாள் கொண்டுவந்தார்.

கொதிப்பு மாத்திரைக்கும் சர்க்கரை மாத்திரைக்கும் மாதாமாதம் எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகிறேன். அங்கே மருந்து கொடுக்கிற பெண் என்னிடம் பயிற்சி எடுத்தவர். என்னைக் கண்டதும் "சார், முன்னால் வாருங்கள்" என்று கூப்பிடுவார். பல மாதம் போய்விடுவேன், கால் வலிக்கும். சித்திரையில் ஒரு நாள் அப்படிப் போனபோது, வரிசையில் இருந்த ஒரு மூதாட்டி பக்கத்தில் இருந்தவரிடம் "இவர்களுக்கு எங்கே போனாலும் தனி வாசல்" என்றது காதில் விழுந்தது. அடுத்த மாதம் வரிசையில் நின்றேன். ஒரு மணி பத்து நிமிடம் ஆனது.